தோட்டாவின் பித்தளை உறையை (கேஸை) அம்மோனியாவில் ஊறவைக்கலாமாம்!

கரித்துணி:
மறுபடி நிரப்ப எடுத்து வைத்த சுட்ட கேஸில் அப்பிய கரி போகவில்லை என்று நேற்று ஒருவர் கேட்டார். "அம்மோனியா கலந்த பாலிஷில் 10 நிமிடம் ஊறவையுங்கள், புதுசாகிவிடும்" என்று ஒரு மகான் அருள்வாக்குச் சொல்லியிருக்கிறார். கேஸ் பித்தளையில் சுமார் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். அதற்கு அம்மோனியாதான் எமன். பிரிட்டிஷ் இந்தியாவில் குதிரை லாயத்தில் வைத்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் தானாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்து அம்மோனியாதான் காரணம் என்று 1921-இல் விளக்கமே வந்துவிட்டது. நூறு வருடம் கழித்தும் இதே கதையா?

உருளையார்:
அந்த மகான் நான்தான், வணக்கம். லாயத்தில் மழைக்காலம் முழுக்கக் கிடந்தது வேறு, 10 நிமிடம் ஊறிக் கழுவியது வேறு. என் கேஸ் குதிரைமேல் போவதில்லை.

கரித்துணி:
10 நிமிடம் என்று யார் அளந்தது? கேஸின் அடியில் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) உட்காரும் குழியில் தங்கிய பாலிஷ் 10 நிமிடத்தில் கிளம்பிவிடுமா? உலோகத்தில் இழுவிசையும் இருந்தால்தான் விரிசல் வரும், உண்மைதான். ஆனால் கேஸின் கழுத்தைப் பாருங்கள். சுட்டால் விரிகிறது, டை என்ற அச்சில் கொடுத்து இறுக்குகிறோம், மறுபடி சுடுகிறோம். குண்டைச் செருகிய பிறகோ கழுத்து அதை ராப்பகலாகக் கவ்விக்கொண்டே நிற்கிறது. அதுவே இழுவிசைதான்.

ஊசிப்பட்டறை:
எதற்கு இந்தச் சண்டை? பிரைமரைக் கழற்றிவிட்டு, வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, சிட்ரிக் அமிலம் ஒரு சிட்டிகை, ஸ்டீல் ஊசிகள் போட்டு இரண்டு மணி நேரம் சுழற்றுங்கள். குழிவரை பளிச். ஈயத் தூசியும் பறக்காது.

உருளையார்:
அமிலம் கூடினால் பித்தளை ரோஸ் நிறமாகுமே, அது மட்டும் அமிர்தமா? அப்புறம் அந்த ஊசி இரண்டு சேர்ந்து கேஸின் அடித்துளையில் மாட்டிக்கொண்டால் நீங்கள் வந்து எடுப்பீர்களா? போன வருடமும் இதே ஊசியைத்தான் விற்றீர்கள்.

ஊசிப்பட்டறை:
நான் எதையும் விற்கவில்லை. அளவு தெரியாமல் கொட்டினால் ரோஸ் ஆகத்தான் செய்யும். வால்நட் ஓட்டுத் தூளில் குலுக்கி ஈயத் தூசியை மூச்சில் இழுத்தவர் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

சும்மாபார்ப்பவன்:
கேஸ் பளபளக்காவிட்டாலும் குண்டு அதே இடத்தில்தான் போய்ப் படும். மண்ணும் துகளும் இல்லாமல் டையில் கீறல் விழாதிருந்தால் போதாதா?

கரித்துணி:
பேச்சை மாற்றாதீர்கள். அம்மோனியா.

உருளையார்:
தம்பி, 15 வருடமாகச் செய்கிறேன். ஒரு கேஸ்கூட அம்மோனியாவால் போனதில்லை.

கரித்துணி:
யாருக்கு யார் தம்பி? போன மாதம் "நாலாவது தடவை சுட்டதுமே கழுத்து பிளக்கிறது" என்று புலம்பியது யார்? அழித்துவிடாதீர்கள், படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

உருளையார்:
அது அனீல் செய்யாததால், அதாவது கழுத்தைச் சூடாக்கி இளக்காததால். திரும்பத் திரும்ப இறுக்கினால் பித்தளை கெட்டிப்பட்டுப் பிளக்கும். இதுகூடத் தெரியாமல் 1921 வரைக்கும் போய்விட்டீர்கள்.

கரித்துணி:
அனீல் செய்யவில்லை என்று உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. அப்படியென்றால் கழுத்தில் இழுவிசை இருந்திருக்கிறது, மேலே அம்மோனியாவும் ஊற்றியிருக்கிறீர்கள். நான் சொன்னதும் அதைத்தானே?

உருளையார்:
10 நிமிடம்தான் ஊறவைத்தேன்.

கரித்துணி:
கடிகாரத்தைப் பார்த்தீர்களா?

ஊசிப்பட்டறை:
நான் ஊசி விற்கிறேன் என்று சொன்னதை முதலில் வாபஸ் வாங்குங்கள்.