65 மடங்கு ஜூம் இருந்தும் படம் ஏன் மங்கலாக வருகிறது?

ஏரிக்கரைவாசி:

அனைவருக்கும் வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு பறவை பார்க்கும் பழக்கம் தொற்றிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். ஒன்றரை ஆண்டுக்கு முன்பு, கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்60 எச்எஸ் கேமராவைப் பழையதாக 17,000 ரூபாய்க்கு வாங்கினேன். 2014இல் வெளிவந்த மாடல்தான் என்றாலும், 21 முதல் 1365 மி.மீ. குவியத்தூரம் வரை எட்டும் 65 மடங்கு ஜூமும், கண்ணை வைத்துப் பார்க்க வ்யூஃபைண்டரும், திருப்பி மடக்கும் திரையும் இருப்பதால் என் ஓய்வூதியத்துக்கு ஏற்ற கேமரா இதுவே என்று முடிவு செய்தேன்.

வீட்டு முருங்கையில் வந்து உட்காரும் தேன்சிட்டையும், வேலிக்கம்பத்துப் பனங்காடையையும் எடுக்கும்போது இறகின் ஒவ்வொரு இழையும் தெரிகிறது. ஆனால் வேடந்தாங்கலில், கரையில் நின்று ஏரிக்குள் இருக்கும் மரங்களின் மீதுள்ள மஞ்சள் மூக்கு நாரைகளை எடுத்தால், படம் நீரில் கரைத்த வண்ணம்போல வருகிறது. பேருந்தில் போய்ச் சேரவே பத்து மணி ஆகிவிடும். பெரும்பாலும் பதினொரு மணியை ஒட்டித்தான் எடுக்கிறேன். வெயில் நன்றாகவே இருக்கிறது, முக்காலியும் வைத்திருக்கிறேன். திரையில் 130 மடங்கு வரை போகிறது. அங்கே போனால் இன்னும் மோசம்.

இதை விற்றுவிட்டு, 83 மடங்கு ஜூம் உள்ள நிக்கான் கூல்பிக்ஸ் பி900 பழையது ஒன்று வாங்கலாமா? அல்லது என் கைப்பழக்கத்தில் குறையா? மகன், தன் கைப்பேசியிலேயே 100 மடங்கு இருக்கிறது, இதெல்லாம் எதற்கு என்கிறான். அந்தக் கேள்விக்கும் பதில் தெரிந்தால் நல்லது.

நத்தைகுத்தி:

ஐயா, குறை கேமராவில் இல்லை; அதில் முக்கால் பங்கு நீங்கள் படம் எடுக்கும் வேளையில் இருக்கிறது. பதினொரு மணிக்கு வெயில் நன்றாக இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் விடை. அந்த நேரத்தில் கரையும் சுற்றியுள்ள வயலும் சூடேறி, வெப்பக்காற்று மேலெழுந்து, உங்களுக்கும் பறவைக்கும் இடையே உள்ள காற்று முழுவதும் அலைந்துகொண்டிருக்கும். தார்ச்சாலையில் உச்சி வேளையில் தூரத்து வண்டி நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே நெளிவுதான் 1365 மி.மீ.யில் உங்கள் படத்தில் ஏறுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு நெளிவையும் இவ்வளவு நீண்ட ஜூம் காட்டிக்கொடுத்துவிடும். முக்காலி கேமராவை ஆடாமல் வைக்கும், காற்றை ஆடாமல் வைக்காது. உங்கள் வீட்டுத் தேன்சிட்டு தெளிவாக வருவதற்கும் இதுவே காரணம்: பத்தடி தூரத்தில் கலைப்பதற்குக் காற்றே இல்லை.

முதலில் மெனுவில் டிஜிட்டல் ஜூமை நிறுத்திவிடுங்கள். 65 வரைதான் லென்சின் கண்ணாடி வேலை செய்கிறது. அதற்கு மேல் கேமரா படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. அதை வீட்டில் கணினியில் நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

அடுத்து, காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை எடுத்துப் பாருங்கள். விடியலுக்கு முன்பே போய் நின்றாலும் பயனில்லை. முழு ஜூமில் இந்த லென்சின் திறப்பு எஃப் 6.5தான், அதாவது குறைந்த ஒளியே உள்ளே வரும் என்பதால், மங்கிய ஒளியில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வைக் கூட்டும் எண்) 1600க்கு ஏறி, இறகெல்லாம் மணல் தூவியதுபோல் ஆகிவிடும். காற்று இன்னும் குளிர்ந்திருந்து, ஒளியும் போதுமான அளவு வந்துவிட்ட அந்த இரண்டு மணி நேரம்தான் சிறிய சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு) உள்ள கேமரா வைத்திருப்போரின் நல்ல நேரம். ஐஎஸ்ஓ 400ஐத் தாண்ட விடாதீர்கள். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/320 நொடியைவிட நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெண்ணிற இறகு வெளுத்துப்போகாமல் இருக்க, எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, மூன்றில் இரண்டு ஸ்டாப் (-2/3) குறைத்து வையுங்கள். நீர்க்கடம்புக் கிளைகளுக்குள் இருக்கும் பறவையை எடுக்கும்போது ஃபோகஸ் சட்டத்தைச் சிறியதாக மாற்றவில்லை என்றால், கேமரா முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியைத்தான் பிடிக்கும்.

குவிலென்சு:

மேலே சொன்னவை அனைத்தும் சரி. நான் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவள் என்பதால், பி900 வாங்கலாமா என்ற கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

1365 என்பது பெரிய ஃபிலிம் சட்டத்துக்கு ஒப்பிட்டுச் சொல்லப்படும் எண். உங்கள் லென்சின் உண்மையான குவியத்தூரம் 247 மி.மீ. அதைத் திறப்பு எண்ணான 6.5ஆல் வகுத்தால், ஒளி நுழையும் வாயின் விட்டம் 38 மி.மீ. இந்த அளவுள்ள வாய் எவ்வளவு நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டும் என்பதற்கு, பன்னிரண்டாம் வகுப்பில் நாம் படித்த விளிம்பு விளைவு (சிறு திறப்பின் வழியே போகும் ஒளி சற்றே விரிந்து பரவுவது) ஒரு வரம்பு விதிக்கிறது. 150 மீட்டர் தூரத்தில் அந்த வரம்பு ஏறத்தாழ 2.6 மி.மீ. அதே தூரத்தில் சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சுமார் 0.8 மி.மீ. பரப்பைப் பார்க்கிறது. அதாவது சென்சாரின் புள்ளிகள் ஏற்கெனவே கண்ணாடியால் கொடுக்க முடிந்ததைவிட மூன்று மடங்கு நுண்மையாக இருக்கின்றன. 130 மடங்குக்குப் போவதால் புதிதாக ஒன்றும் கிடைக்காது என்பது இதனால்தான்.

பி900இன் உண்மைக் குவியத்தூரம் 357 மி.மீ., திறப்பு அதே 6.5, ஆகவே வாயின் விட்டம் 55 மி.மீ. 150 மீட்டரில் அதன் வரம்பு 1.8 மி.மீ. ஆகக் குறைகிறது. இது உண்மையான ஆதாயமே. ஆனால் ஒன்றரை மடங்குக்கும் சற்றுக் குறைவு. காற்று அலையும் நேரத்தில் இந்த ஆதாயம் முழுவதும் காற்றோடு போய்விடும். நீங்கள் பதினொரு மணிக்கே போய்க்கொண்டிருந்தால், பி900 அதே மங்கலைப் பெரிதாகக் காட்டும்.

ஒரு மீட்டர் உயரமுள்ள மஞ்சள் மூக்கு நாரை, 150 மீட்டர் தூரத்தில் உங்கள் படத்தின் 3456 புள்ளி உயரத்தில் ஏறத்தாழ 1200 புள்ளிகளை நிரப்ப வேண்டும். உங்கள் பழைய படங்களில் அளந்து பாருங்கள். அதைவிட மிகச் சிறியதாக இருந்தால், நீங்கள் நினைப்பதைவிடப் பறவை தூரத்தில் இருக்கிறது என்று பொருள்.

மகனின் கைப்பேசியைப் பற்றி: அதில் உள்ள லென்சின் வாய் சில மில்லிமீட்டர்தான். அது காட்டும் 100 மடங்கில் பெரும்பகுதி மென்பொருளின் ஊகம். பிள்ளைகளிடம் வாதிட வேண்டாம். ஒரே கிளையை இரண்டிலும் எடுத்து அருகருகே வைத்துக் காட்டுங்கள்.

கரையோரக்காரன்:

நான் ஐந்து ஆண்டுகளாக பி900 வைத்திருக்கிறேன். குவிலென்சு அம்மா போட்ட கணக்கு என் அனுபவத்தோடு பொருந்துகிறது, ஆனால் நான் சற்று வேறுபடுவேன். தூரத்தில், சேற்றில் ஓடும் பறவைகளை இனம் காண்பதே ஒருவருடைய நோக்கம் என்றால், அந்த ஒன்றரை மடங்கு வீண் அல்ல. பொறி உள்ளானா பச்சைக்காலியா என்ற சந்தேகம் பள்ளிக்கரணைச் சதுப்பில் எனக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறது. பச்சைக்காலியின் அலகு மேல்நோக்கிச் சற்றே வளைந்திருப்பதை 2000 மி.மீ.யில் எடுத்த சுமாரான படம் ஒன்றே தீர்த்துவைத்திருக்கிறது.

விலையாக நீங்கள் கொடுக்க வேண்டியவையும் உண்டு. உங்கள் கேமரா 650 கிராம், இது 899 கிராம். நாள் முழுவதும் கழுத்தில் தொங்கினால் அந்தக் கால் கிலோ தெரியும். பி900இல் ரா கோப்பு (சென்சார் பதிவதை அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுக்க முடியாது, உங்களுடையதில் முடியும். வெளுத்துப்போன வெள்ளை இறகை ஓரளவு மீட்க ரா பெரிதும் உதவும் என்பதால், இதை எளிதில் விட்டுவிடாதீர்கள். ரா வேண்டுமென்றால் 2020இல் வந்த பி950க்குப் போக வேண்டும். அது ஒரு கிலோவைத் தாண்டுகிறது. பறக்கும் பறவைக்கு பி900, பி950 இரண்டுமே ஏற்றவை அல்ல. ஃபோகஸ் பிடிப்பதற்குள் கூழைக்கடா ஏரியைக் கடந்துவிடும்.

நிலாவைப் படம் எடுப்பதற்காக பி900 வாங்க வேண்டாம். உங்கள் 1365 மி.மீ.யிலேயே முழுநிலா சட்டத்தின் உயரத்தில் பாதியை நிரப்பும், 2000இல் முக்கால் பங்கை நிரப்பும், அவ்வளவுதான் வேறுபாடு. தானியங்கி முறையில் எடுத்தால் கேமரா கருவானத்தைப் பார்த்து ஏமாந்து, நிலாவை வெள்ளைத் தட்டாக்கிவிடும். ஐஎஸ்ஓ 100, எஃப் 6.5, 1/250 நொடி என்று கையால் வைத்துவிட்டால் பள்ளங்கள் தெரியும். பேரப்பிள்ளைகள் இருந்தால் அன்று இரவு கேமரா உங்கள் கைக்குத் திரும்பாது.

கையில் காசு இருந்தால் 8க்கு 42 அளவுள்ள (8 மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. வாயுள்ள) இருகண்ணோக்கி வாங்குங்கள் என்பேன். 65 மடங்கில் வ்யூஃபைண்டரை வைத்துக்கொண்டு மரமரமாகப் பறவையைத் தேடுவது, சாவித்துளை வழியே கல்யாணத்தைப் பார்ப்பதற்குச் சமம். இருகண்ணோக்கியில் கண்டுபிடித்துவிட்டுக் கேமராவைத் தூக்குங்கள். அதற்குள் பறவை நகர்ந்துவிட்டால், லென்சின் பக்கத்தில் உள்ள சீக் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். ஜூம் தானாகப் பின்வாங்கிச் சுற்றுப்புறத்தைக் காட்டும், சட்டத்துக்குள் பறவையை வைத்துக்கொண்டு விரலை எடுத்தால் பழைய இடத்துக்கே திரும்பும்.

ஏரிக்கரைவாசி:

அந்தப் பொத்தான் எதற்கென்று இத்தனை நாள் தெரியாமலே இருந்திருக்கிறேன். அனைவருக்கும் நன்றி. கேமராவை விற்பதாக இல்லை. இன்னொரு ஐயம்: ஜூம் உள்ளே வெளியே போகும்போது மெல்லிய உரசல் ஒலி கேட்கிறது. மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் ஈரப்பதமும் அதிகம். என்ன செய்யலாம்?

பழைய பெட்டி:

ஐயா, இவ்வகைக் கேமராக்களில் ஜூம் நீளும்போதெல்லாம் குழாய் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. கூடவே தூசியும் போகிறது. என்னிடம் முன்பு இருந்த வேறொரு கேமராவைக் கடற்கரை மணலில் வைத்துப் படம் எடுத்ததில், நுண்மணல் பல்சக்கரத்தில் சிக்கி, லென்ஸ் பாதியில் நின்றது. பழுதுபார்க்கக் கேட்ட தொகைக்கு இன்னொரு பழைய கேமரா கிடைத்திருக்கும். எனவே புழுதிக் காற்றில் ஜூமைத் தேவையின்றி ஆட்டாதீர்கள். அணைத்து லென்ஸ் உள்ளே போவதற்கு முன் குழாயை மென்தூரிகையால் துடையுங்கள். உரசல் ஒலி சீராக இருந்தால் அது மோட்டாரின் இயல்பான ஒலியாக இருக்கலாம். தடுக்கித் தடுக்கி நகர்ந்தாலோ, லென்ஸ் பிழை என்று திரையில் வந்தாலோ வலுக்கட்டாயமாகத் தள்ளாமல் கடையில் காட்டுங்கள்.

ஈரத்துக்கு, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்தால் போதும். அரிசிக்குள் வைக்கச் சொல்வோர் உண்டு; அரிசித்தூள் லென்சுக்குள் போவதைத் தவிர வேறு பயன் இல்லை. தோல் பையில் மாதக்கணக்கில் பூட்டி வைப்பதுதான் பூஞ்சைக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்து இயக்கிவிட்டு வையுங்கள்.

ஏரிக்கரைவாசி:

சென்ற ஞாயிறு முதல் நாள் இரவே உறவினர் வீட்டில் தங்கி, காலை ஆறேமுக்காலுக்குக் கரையில் இருந்தேன். முதல் அரைமணி நேரப் படங்கள் மணல் மணலாகத்தான் வந்தன. ஏழேகாலுக்கு மேல் எடுத்தவற்றில், நாரையின் முதுகில் உள்ள இளஞ்சிவப்பு இறகுகள் தனித்தனியாகத் தெரிகின்றன. அளந்தும் பார்த்தேன்: 900 புள்ளிகள்தான், அதாவது ஏறக்குறைய 200 மீட்டர். பத்து மணிக்கு அதே மரத்தை அதே அமைப்பில் எடுத்ததையும் இணைத்திருக்கிறேன். பழைய கரைசல் திரும்பிவிட்டது. மூன்றாவது படத்தில் நாணல் ஓரம் நிற்பது சாம்பல் நாரை என்று குறித்திருக்கிறேன்.

நத்தைகுத்தி:

ஐயா, மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கழுத்து செம்பழுப்பு, அதன் பக்கவாட்டில் கருங்கோடு ஓடுகிறது. அது செந்நாரை. குறிப்பேட்டில் திருத்திவிடுங்கள்.