மறு: மறு: பாட் ரேட் – திங்களுக்குள் ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

மோடம் ஒரு வினாடிக்கு எத்தனை முறை சமிக்ஞையை மாற்றுகிறது என்ற அளவுக்கு ஆங்கிலத்தில் 'பாட் ரேட்' என்று பெயர்; அதற்குத் தமிழ்ச் சொல் தேடி மூன்று நாளாக வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். திங்கள் காலை பாடம் அச்சுக்குப் போகிறது. அதனால் இப்போது எங்கே நிற்கிறோம் என்று எழுதிவிடுகிறேன்.

இடையில் சேர்ந்தவர்களுக்காக: பாடத்தில் ஒரு கணக்கு வருகிறது. வீட்டிலுள்ள 100 எம்பிபிஎஸ் இணைப்பு (வினாடிக்கு 10 கோடி பிட்) எத்தனை டயல்-அப் மோடத்துக்கு (தொலைபேசிக் கம்பி வழியே கணினியை இணைக்கும் கருவி) சமம்? 56கே மோடம், அதாவது வினாடிக்கு 56,000 பிட் என்றால் 10 கோடியை 56,000-ஆல் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 1,786 வரும். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் (அன்றைய அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனம்) பொதுமக்களுக்கு இணையம் கொடுக்கத் தொடங்கிய காலத்து 9,600 பிட் இணைப்பு என்றால் 10,417. 1960-களில் வந்த பெல் 103 மோடத்தின் 300 பிட்டோடு ஒப்பிட்டால் 3,33,333. இதுவரை சிக்கல் இல்லை.

சிக்கல் 2,400 பிட் மோடத்தில்தான். அதை எல்லாரும் '2400 பாட்' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். ஆனால் வி.22பிஸ் தரத்தில் அந்த மோடம் வினாடிக்கு 600 முறைதான் சமிக்ஞையை மாற்றும். ஒவ்வொரு மாற்றத்திலும் 4 பிட் ஏறிப் போகும். போன பதிப்பில் நாங்கள் பிட் எண்ணிக்கை, மாற்ற எண்ணிக்கை இரண்டுக்குமே 'வேகம்' என்று போட்டோம். ஒரு மாணவி 10 கோடியை 600-ஆல் வகுத்து, அழகாகக் கோடிட்டு விடை எழுதியிருந்தாள். வகுத்தலில் ஒரு பிழை இல்லை. பிழை எங்கள் சொல்லில் இருந்தது. அந்தத் தாளைத் திருத்த எனக்குக் கை வரவில்லை.

> குறி வீதம் என்றே வைக்கலாமே, பொருள் நேராக இருக்கிறது.

நேராகத்தான் இருக்கிறது. ஆனால் குறியீடு, குறிமுறை, குறியாக்கம் என்று அதே பக்கத்தில் ஏற்கெனவே மூன்று 'குறி' இருக்கின்றன. அப்புறம், அந்தச் சொல்லைத் தனியே சொன்னால் வகுப்பில் என்ன ஆகும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

> துடிப்பு வீதம்.

மோடம் துடிப்புகளை விட்டு விட்டு அனுப்புவதில்லை. தொடர்ந்து ஒலிக்கும் ஒரு சுரத்தின் கட்டத்தையும் (அலையின் நிலை) வீச்சையும் (அலையின் உயரம்) மாற்றிக்கொண்டே போகிறது. துடிப்பு என்றால் இந்தப் படம் கெட்டுவிடும்.

> வீதமா, விகிதமா?

யாழ்ப்பாணத்து அண்ணா சொன்னதே சரி. வட்டி விகிதம் என்று இங்கே நாளிதழ்கள் எழுதினாலும், கணக்குப் பாடத்தில் விகிதம் வேறு. வீதம்தான்.

> பாட் என்பது நம் 'பாட்டு' அன்றோ?

இல்லை ஐயா. பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போதோவின் பெயரிலிருந்து வந்தது. புதுச்சேரி அம்மா சொன்னதுபோல் அவர் பெயரின் முதல் அசை 'போ'. ஆங்கிலத்தார் வாயில் அது 'பாட்' ஆயிற்று. வோல்ட், ஆம்பியர் போல அலகை அப்படியே வைத்துக்கொள்வோம். நாம் தேடுவது அந்த அலகால் அளக்கப்படும் பொருளுக்கு ஒரு பெயர்.

இனி புலவர் ஐயாவின் 'மாத்திரை வீதம்'. கண்ணிமைப்பும் கைநொடிப்பும் அளவாகக் கொண்ட சொல் என்பதால் எனக்கும் ஆசைதான். ஆனால் மாத்திரை கால அளவு, பாட் எண்ணிக்கை. 600 பாட் என்றால் ஒரு மாற்றம் நிற்கும் நேரம் 1/600 வினாடி. மாத்திரை என்று சொல்வதானால் அந்த 1/600-ஐத்தான் சொல்ல வேண்டும். அதற்கு வைத்துக்கொள்வோம் என்பது என் வேண்டுகோள்.

என் சொல் 'கொட்டு வீதம்'. வியாழனன்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். மேசையில் உள்ளங்கையால் ஒரு தட்டு, அதற்குள் 'தகதிமி'. இன்னொரு தட்டு, மறுபடி 'தகதிமி'. தட்டு என்பது சமிக்ஞை மாற்றம், எழுத்து என்பது பிட். ஆறு தட்டுக்கு எத்தனை எழுத்து என்று கேட்டேன். இருபத்து நாலு என்றார்கள். 600 தட்டுக்கு? 2,400. அந்த 600-ஆல் வகுத்த மாணவியே எழுந்து, "அப்போ எழுத்தைத்தானே சார் எடுத்துக்கணும், தட்டை ஏன் எடுத்தேன்?" என்றாள். எனக்கு அது போதும்.

சிலப்பதிகார உரையில் கொட்டு என்பது அரை மாத்திரை, அதை எண்ணிக்கைக்கு வைப்பது மரபைக் கெடுக்கும் என்கிறார் புலவர் ஐயா. மறுப்பு நியாயமானது. ஆனால் பறையும் மேளமும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குக் கொட்டு என்றால் ஓர் அடி. அந்தப் பொருளில்தான் எடுக்கிறேன்.

இதுவரை கொட்டு வீதத்துக்கு 7 பேர், குறி வீதத்துக்கு 5 பேர், பாட் வீதத்துக்கு 4 பேர். 'இனி எதுவானாலும் சரி' என்று எழுதியவர்களை நான் சேர்க்கவில்லை. புலவர் ஐயா தம் மறுப்பை விலக்கிக்கொள்ளவில்லை. அடிக்குறிப்பில் 'மாத்திரை' இடம்பெறும்.

ஒரு உதவி வேண்டும். நான்காம் பயிற்சியில் வி.34 மோடம் வருகிறது: 33,600 பிட், ஏறக்குறைய 3,429 பாட். வகுத்தால் கொட்டுக்கு 9.8 பிட். என் தகதிமி இங்கே உடைகிறது. 5 கொட்டுக்கு 49 என்று சராசரியாகச் சொல்லலாமா, அல்லது இந்த மோடத்தையே எடுத்துவிடலாமா? தாளம் தெரிந்தவர்கள் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள்.