வெயில் உச்சியில் சோலார் இன்வெர்ட்டர் டிரிப்: டேப்பா, ஃபேஸ் மாற்றமா?

மதுரை, எங்கள் தெருவில் ஆறு வீடுகளில் பிஎம் சூர்யகர் திட்டத்தில் 3 கிலோவாட் ஆன்கிரிட் (மின்வாரிய லைனோடு இணைந்த) சோலார் போட்டிருக்கிறோம், எல்லாம் சிங்கிள் ஃபேஸ். மார்ச்சிலிருந்து பகல் 11 முதல் 2 வரை 'கிரிட் ஓவர் வோல்டேஜ்' காட்டி இன்வெர்ட்டர்கள் நின்றுவிடுகின்றன. நல்ல வெயில் நேரமே வீணாகிறது.

மீட்டரில் அப்போது 256–258 வோல்ட். இரவில் தெருக்கோடி வீட்டில் 208 தான்.

இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை 4 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயரை 10 ஆக்கினோம். 35 மீட்டருக்கு இரண்டு வோல்ட்தான் குறைந்தது. நியூட்ரல் இணைப்புகளை இறுக்கி, எர்த்தும் அளந்தாயிற்று. இன்வெர்ட்டர் நின்றுவிடும் வோல்டேஜ் வரம்பை (கட்-ஆஃப்) ஏற்றச் சொல்கிறார்கள் சிலர். அது வீட்டுச் சாதனங்களுக்கு ஆபத்து, செய்யமாட்டோம்.

ஆறில் ஐந்து இணைப்பு ஒரே ஃபேஸில். டிரான்ஸ்பார்மர் டேப்பை (அதிலிருந்து வரும் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) இறக்கினால் இரவு வோல்டேஜ் இன்னும் விழும்.

மூன்று ஃபேஸுக்கும் பிரித்துவிட்டால் மட்டும் இது தீருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.