முன் பம்பருக்குப் பின்னால் ஏர் ஃபில்டர்: மழைக்காலத்துக்கு உறை மட்டும் போதுமா?

ஸ்விஃப்ட்_வேளச்சேரி

வண்டி ஸ்விஃப்ட் 1.2 பெட்ரோல். கோல்ட் ஏர் இன்டேக் கிட் (எஞ்சினுக்கு வெளியிலேர்ந்து குளிர்ந்த காத்தை இழுத்துத் தர்ற குழாய் செட்) போட்டிருக்கேன். குழாய் ரெண்டு துண்டு, நடுவுல சிலிக்கான் கப்ளர். கீழ்த்துண்டு ஃபெண்டருக்குள்ள இறங்கி, முன் பம்பருக்குப் பின்னாடி ஃபில்டர்ல முடியுது. எண்ணெய் பூசற காட்டன் ஃபில்டர். தரையிலேர்ந்து ஃபில்டரோட அடிப்பக்கம் வரைக்கும் டேப் வெச்சு அளந்தா 28 செ.மீ.

வடகிழக்குப் பருவமழை வரப்போகுது. தினமும் வேளச்சேரி, பள்ளிக்கரணை வழியாத்தான் போகணும். தண்ணி ஒட்டாத துணி உறை ஒண்ணு ஃபில்டர் மேல மாட்டலாம்னு இருக்கேன். அது மட்டும் போதுமா, இல்ல பைபாஸ் வால்வும் வேணுமா? கம்பெனி ஏர்பாக்ஸ் (வண்டியோட வந்த ஃபில்டர் பெட்டி) பத்திரமா வீட்டுலயே இருக்கு.

---

மேனிஃபோல்ட்

உறை வாங்குங்கள். ஆனால் அது எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

அந்த உறை நுண்ணிய பாலியஸ்டர் வலை. நூலின் மேல் தண்ணீரை ஒட்டவிடாத பூச்சு இருக்கும். தெறிக்கும் துளிகள் முத்தாக உருண்டு விழுந்துவிடும், காற்று வலைக்கண் வழியே போகும். மழைச்சாரல், முன்னே போகும் லாரி அடிக்கும் நீர்த்தூள், சக்கரம் வாரி இறைக்கும் சேறு ஆகியவற்றுக்கு நன்றாக வேலை செய்யும். ஃபில்டர் தண்ணீருக்குள் மூழ்கினால் உறை இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

காரணம் எளிது. தண்ணீரை 1 மீட்டர் உயரம் தூக்க சுமார் 10 கிலோபாஸ்கல் உறிஞ்சல் போதும். உங்கள் ஃபில்டர் 28 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குள் காற்று நுழையும் வாய்) தரையிலிருந்து 75 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், தூக்கவேண்டியது 47 செ.மீ., அதாவது 5 கிலோபாஸ்கலுக்கும் குறைவு. காற்று வரும் வழி அடைபட்ட அடுத்த கணமே எஞ்சின் அதைவிடப் பல மடங்கு இழுக்கும்.

உள்ளே எவ்வளவு தண்ணீர் போனால் ஆபத்து என்பதையும் கணக்குப் போடுங்கள். 1197 சி.சி.யை நான்கால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 299. கம்ப்ரஷன் 11:1 (பிஸ்டன் காற்றைப் பதினொன்றில் ஒரு பங்காக அமுக்குகிறது) என்றால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 299 ÷ 10, ஏறக்குறைய 30 மில்லி. இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர். அதற்கு மேல் போனால் பிஸ்டனுக்கு ஏற இடமில்லை. தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும்.

இன்னொரு அளவு. 185/65 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 62 செ.மீ., ஆக சக்கரத்தின் நடுப்புள்ளி ஏறக்குறைய 30 செ.மீ. உயரத்தில் இருக்கும். உங்கள் ஃபில்டரின் அடி அதற்கும் கீழே. “பாதி டயர் வரைக்கும் போகலாம்” என்று பொதுவாகச் சொல்வார்கள். உங்கள் வண்டிக்கு அது பொருந்தவே பொருந்தாது. வண்டி நகரும்போது பம்பருக்கு முன்னால் அலை எழும், எதிரே பஸ் வந்தால் இன்னும் உயரும். என் கணக்கில் உங்கள் எல்லை 15 செ.மீ. தண்ணீர்.

---

பழைய_ஸ்பேனர்

மேல சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. கிட் மாட்டும்போது வீல் ஆர்ச் உள்ள இருக்கற பிளாஸ்டிக் லைனரைக் கழட்டுவாங்க. குழாய் இடிக்குதுன்னு அதை வெட்டிடுவாங்க, இல்ல கிளிப் ரெண்டை விட்டுடுவாங்க. அப்புறம் டயர் அடிக்கற தண்ணி நேரா ஃபில்டர் மேலதான். டார்ச் அடிச்சுப் பாருங்க. லைனர் முழுசா, எல்லா கிளிப்போட இருக்கணும். வெட்டின இடத்துல 2 மி.மீ. ரப்பர் ஷீட்டை ரிவெட் பண்ணி மூடுங்க. உறை வாங்கறதுக்கு முன்னாடி செய்யவேண்டிய வேலை இது.

உறையைப் பராமரிக்கறதும் முக்கியம்:

- ஃபில்டருக்கு எண்ணெய் பூசலாம், உறைக்குப் பூசவே கூடாது. எண்ணெய் பட்டா வலைக்கண் அடைச்சுக்கும்.
- சேறு ஏறினா மிதமான சோப்புத் தண்ணியில அலசி, சோப்பு சுத்தமா போற வரைக்கும் நல்ல தண்ணியில கழுவி நிழல்ல காயவைங்க. சோப்பு மிச்சம் இருந்தா தண்ணி முத்தா நிக்காது, ஊடுருவிடும். தெருவுல தேங்கின தண்ணியில எண்ணெயும் சாக்கடையும் கலந்திருக்கறதால, அதுவும் இதே கெடுதலைப் பண்ணும்.
- மாசத்துக்கு ஒரு தடவை உறை மேல நாலு சொட்டு தண்ணி விட்டுப் பாருங்க. உருண்டு ஓடினா சரி. பரவி இருட்டா நனைஞ்சா பூச்சு போயிடுச்சு, மாத்திடுங்க.

பிளாஸ்டிக் கவர், மழைக்கோட்டுத் துணி, பழைய ஸ்டாக்கிங்ஸ் இதெல்லாம் வேண்டாம். முதல் ரெண்டும் காற்றை அடைக்கும், அப்படியே உறிஞ்சப்பட்டு ஃபில்டரோட ஒட்டிக்கும். மூணாவது தண்ணியைத் தடுக்கவே தடுக்காது.

இன்னொரு யோசனையும் யூட்யூப்ல சுத்துது, குழாயோட தாழ்வான இடத்துல தண்ணி வடிய ஓட்டை போடறது. ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவுல ஓட்டை போட்டா வடிகட்டாத தூசி நேரா எஞ்சினுக்குப் போகும். ஏர்பாக்ஸ் இருக்கற செட்டப்ல, ஃபில்டருக்கு முன்னாடி இருக்கற பகுதியோட அடியில மட்டும்தான் வடிகால் ஓட்டை இருக்கலாம். கம்பெனி பாக்ஸ்லயும் அது அங்கதான் இருக்கும், இலை தூசி அடைக்காம பார்த்துக்கோங்க.

---

என்.ஏ_பிரியன்

பைபாஸ் வால்வு போடலாமே. மேல்குழாயை வெட்டி நடுவில் பொருத்துவது. ஃபில்டர் மூழ்கி உறிஞ்சல் கூடினால் வால்வு திறந்து எஞ்சின் அறையிலிருந்து காற்றை எடுக்கும், தண்ணீர் மேலே ஏறாது. டர்போ இல்லாத எஞ்சின் என்பதால் உங்களுக்குப் பொருந்தும்.

---

மேனிஃபோல்ட்

வேலை செய்யும், ஆனால் சில நிபந்தனைகள் உண்டு. வால்வு தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கவேண்டும். பம்பர் பக்கம் பொருத்தினால் அதுவும் சேர்ந்தே மூழ்கும். ஃபில்டரில் அழுக்கு ஏறி உறிஞ்சல் கூடினாலும் வால்வு திறக்கப் பார்க்கும். அப்போது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய குளிர்ந்த காற்று கிடைக்காது. டர்போ, சூப்பர்சார்ஜர் வண்டிகளில் இதைப் பொருத்தக் கூடாது. வெட்டிய குழாயின் பிசிறை அரம் போட்டு, உள்ளே துடைத்தபிறகே மாட்டவேண்டும். ஒரு துண்டு உலோகச் சீவல் போதும் சிலிண்டர் சுவரைக் கீற. வால்வு இருக்கிறது என்ற தைரியத்தில் வெள்ளத்தில் இறங்குவதை நான் ஏற்கவே மாட்டேன்.

உங்கள் கிட் இரண்டு துண்டு என்பதால் இதைவிட எளிய, செலவில்லாத வழி இருக்கிறது. அக்டோபர் தொடக்கத்தில் கப்ளரோடு கீழ்த்துண்டைக் கழற்றிவிட்டு, ஃபில்டரை மேல்குழாயின் நுனியிலேயே மாட்டுங்கள். குழாயின் வெளிவிட்டமும் ஃபில்டர் கழுத்தின் உள்விட்டமும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள். காற்றை அளக்கும் சென்சார் மேல்துண்டில் இருந்தால் அதைத் தொடவேண்டியதில்லை. ஃபில்டர் எஞ்சின் அறைக்குள், ஹெட்லைட் உயரத்துக்கு வந்துவிடும். சிக்னலில் நிற்கும்போது சூடான காற்றை இழுக்கும், பிக்கப் கொஞ்சம் மந்தமாகும். அலுமினியத் தகட்டில் ஒரு வெப்பத் தடுப்பு வைத்தால் ஓரளவு குறையும். ஜனவரியில் பழையபடி மாட்டிக்கொள்ளலாம்.

கம்பெனி ஏர்பாக்ஸை மாட்டுவது இன்னும் நல்லது. அதன் வாய் ரேடியேட்டரின் மேல்பட்டிக்குப் பக்கத்தில், பானட்டுக்கு அடியிலேயே இருக்கும். 1.2 எஞ்சினில் இந்த கிட் தரும் கூடுதல் சக்தி சொற்பம். அதற்காக மூன்று மாதம் எஞ்சினைப் பணயம் வைக்கத் தேவையில்லை.

---

டீசல்_பக்கம்

இதைப் படிக்கிற டீசல்காரர்களுக்கு: 1248 சி.சி., 17.6:1 கம்ப்ரஷன் எஞ்சினில் பிஸ்டனுக்கு மேலே மிஞ்சும் அந்த இடம் 19 மில்லிதான். இன்னும் மோசம்.

தண்ணீரில் வண்டி நின்றுபோனால் மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். பல எஞ்சின்கள் சாவது இந்த இரண்டாவது ஸ்டார்ட்டில்தான். தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோய், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, ஃபில்டரை எடுத்து குழாயின் உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். உலர்ந்திருந்தால் எலக்ட்ரிகல் கோளாறாக இருக்கலாம். ஈரமாக இருந்தால் டோ பண்ணி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

அங்கே நடக்கவேண்டிய வரிசை இது. நான்கு ஸ்பார்க் ப்ளக்கையும் கழற்றவேண்டும் (டீசலில் க்ளோ ப்ளக் அல்லது இன்ஜெக்டர்). முதலில் கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு சுற்று. முட்டினால் அங்கேயே நிறுத்தவேண்டும். முட்டாவிட்டால் ஃபியூயல் பம்ப் ஃப்யூஸை எடுத்து, காயில் கனெக்டர்களையும் பிரித்துவிட்டு, பேட்டரியை இணைத்து 3 முதல் 5 விநாடி கிராங்க். ப்ளக் ஓட்டைகளின் மேல் துணி போட்டு, ஆள் விலகி நிற்கவேண்டும், தண்ணீர் வேகமாகப் பீய்ச்சும். பிறகு ஒவ்வொரு ஓட்டையிலும் 5 மில்லி எஞ்சின் ஆயில்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் வெளுத்திருந்தால் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றி, சிறிது நேரம் ஐடிலில் ஓடவிட்டு மறுபடியும் மாற்றவேண்டும். ஸ்டார்ட் ஆனதும் “நல்லாத்தான் ஓடுது” என்று எடுத்துவந்துவிடாதீர்கள். கம்ப்ரஷன் டெஸ்ட் கேளுங்கள். நான்கு பிஸ்டனும் உச்சியில் எவ்வளவு உயரம் வருகின்றன என்பதை ப்ளக் ஓட்டை வழியே டயல் கேஜில் ஒப்பிடச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் பின்னொரு நாள் நெடுஞ்சாலையில் உடைந்து பிளாக்கைத் துளைக்கும்.

இன்சூரன்ஸ்: சாதாரண பாலிசி பொதுவாக இந்தச் சேதத்துக்குப் பணம் தராது. எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் தனியாக எடுக்கவேண்டும், புதுப்பிக்கும்போதே கேளுங்கள். இன்டேக் மாற்றியதைச் சொல்லாமல் விட்டால் அதைக் காட்டியே க்ளெய்மை மறுக்க இடமுண்டு.

---

ஸ்விஃப்ட்_வேளச்சேரி

ரொம்ப நன்றி. லைனரைப் பார்த்தேன், ரெண்டு கிளிப் இல்ல, ஓரமும் வெட்டியிருக்கு. அதைச் சரிபண்ணிட்டு ஏர்பாக்ஸையே மாட்டிடறேன். கழட்டற காட்டன் ஃபில்டரை எப்படி எடுத்து வைக்கறது?

---

பழைய_ஸ்பேனர்

அதுக்கான க்ளீனர் அடிச்சு 10 நிமிஷம் ஊறவிட்டு, உள்பக்கத்திலேர்ந்து வெளிப்பக்கமா மெதுவா தண்ணி விடுங்க. ராத்திரி முழுக்க நிழல்ல காயட்டும். கம்ப்ரெஸர் காற்றும் ஹேர் ட்ரையரும் வேண்டாம், காட்டன் இழை கிழியும், சுருங்கும். எண்ணெய் இப்ப பூசாதீங்க, ஜனவரியில மாட்டறதுக்கு முன்னாடி மடிப்புக்கு ஒரு கோடு பூசி 20 நிமிஷம் விட்டா போதும். அதிகமா பூசினா மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் (உள்ள போற காற்றை அளக்கறது) இருக்கற வண்டிகள்ல அதோட கம்பி மேல படிஞ்சு செக் எஞ்சின் லைட் எரியும். அதுவரைக்கும் பிளாஸ்டிக் பையில கட்டி, எலி போகாத இடத்துல வைங்க.

ஏர்பாக்ஸ் மாட்டும்போது பிரீதர் ஹோஸை (எஞ்சினோட ஆவி போற சின்னக் குழாய்) திரும்பப் பொருத்த மறந்துடாதீங்க. கிளாம்ப் நாலும் இறுக்கமா இருக்கான்னு ஒரு தடவை, 100 கி.மீ. ஓட்டின பிறகு இன்னொரு தடவை பாருங்க.