3 வைத்த ஃபெர்மா சோதனை போதாதா? லூக்காஸ்–லேமர் இன்னும் எதற்கு?

எண்வேலி:
2024 அக்டோபரில் அறிவித்த பகா எண் 2^136279841 − 1 பற்றித்தான் கேட்கிறேன். இது மெர்சென் எண், அதாவது 2^p − 1 வடிவம்; இனி M என்போம். 4,10,24,320 இலக்கம். அக்டோபர் 11 அன்று டப்ளினில் ஒரு ஏ100 வரைகலை அட்டை (GPU) ஃபெர்மா சோதனையில் இதைப் பிடித்தது: M பகா எண் என்றால் 3^(M−1) ஐ M ஆல் வகுத்து மீதி 1 வரவேண்டும். மறுநாள் சான் அன்டோனியோவில் ஒரு எச்100 அட்டை, மெர்சென் எண்களுக்கான லூக்காஸ்–லேமர் சோதனையை ஓட்டி உறுதி செய்தது. முதல் ஓட்டமே பிழை சரிபார்ப்போடு ஓடியதுதானே? இன்னொரு 13.6 கோடி தடவை வர்க்கமாக்குவது வீண் மின்சாரம் என்பேன்.

மீதி127:
ஒப்ப மாட்டேன். ஃபெர்மாவில் தேறினால் "பகா எண்ணாக இருக்கலாம்" என்பதோடு சரி. 2ஐ அடியாக வைத்துப் பாருங்கள்: 2^p ஐ M ஆல் வகுத்தால் மீதி 1, p பகா எண் என்பதால் அது M−1 ஐ வகுக்கும். ஆக 2^(M−1)க்கும் மீதி 1. அதனால் p பகா எண்ணான எந்த மெர்சென் எண்ணும் தேறிவிடும், 2047 = 23 × 89 கூட! அடி 3 என்றால் 2047 மாட்டிக்கொள்ளும். ஆனால் எந்தப் பகு எண்ணும் 3இல் தப்பாது என்று நிரூபணம் கிடையாது.

லூக்காஸ்–லேமரில் அந்தச் சந்தேகமே இல்லை. 4இல் தொடங்கி, வர்க்கமாக்கி, 2 கழித்து, M ஆல் வகுத்து மீதி எடுங்கள். p−2 தடவை. 127க்கு 4, 14, 67, 42, 111, 0. கடைசியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண்.

எண்வேலி:
தேற்றம் சரி, அதை ஓட்டும் சில்லு தவறும். ஒவ்வொரு வர்க்கமும் மிதவைப்புள்ளி (தசம) எண்களில் ஓடும் ஃபூரியே உருமாற்றம் என்ற வேகப் பெருக்கல் முறையில் நடக்கிறது, பெரிய எண்ணை வெட்டிய ஒவ்வொரு துண்டிலும் சுமார் 18 பிட். விடையை முழு எண்ணாக்கும்போது வரும் பிழை 0.5ஐத் தொட்டால் போச்சு. அட்டை ஒரே ஒரு தடவை தவறி எல்லாம் பூச்சியமானால்? 0, −2, 2, 2, 2... கடைசி வரை 2தான். உண்மையான பகா எண் கைநழுவிப் போகும்.

3இன் பாதையில் வெறும் வர்க்கம்தான்: p தடவை வர்க்கமாக்கினால் 9 வரவேண்டும். அதனால்தான் ராபர்ட் கெர்பிச் வகுத்த பிழை சரிபார்ப்பு அங்கே பொருந்துகிறது. ஆயிரம் வர்க்கத்துக்கு ஒரு பெருக்கல், பத்து லட்சத்துக்கு ஒருமுறை ஒப்பீடு. கூடுதல் செலவு 0.2%தான். லூக்காஸ்–லேமரில் அந்த "−2" இருப்பதால் அங்கே இது செல்லாது. அங்கே இருப்பது யாக்கோபி சோதனை என்ற வேறொரு பிழை சரிபார்ப்பு, பாதிப் பிழையைத்தான் பிடிக்கும்.

மீதி127:
இதெல்லாம் முதலில் 3ஆல் சலித்தெடுப்பதற்கான காரணம். நிரூபணத்தைக் கைவிடுவதற்கு அல்ல.

கணக்குத்தறி:
எண்வேலி, இரண்டு உறுதிகளை ஒன்றாக்கிவிட்டீர்கள். கெர்பிச் சரிபார்ப்பும், 2020இல் வந்த சான்றுக்கோப்பும் (ஓட்டத்தோடு சேர்த்து அனுப்பும் ஆதாரக் கோப்பு) "கணக்கு பிசகவில்லை" என்று காட்டும். சான்றுக்கோப்பு இருந்தால் மறுபரிசோதனை 1 சதவீத உழைப்பில் முடிகிறது. பகு எண்களைக் கழிக்க அது போதும். "எண் பகா எண்" என்பதை அது சொல்லாது. செலவைப் பாருங்கள்: 2018 டிசம்பரின் 2^82589933 − 1க்குப் பிறகு மெர்சென் தேடலில் கிடைத்த ஒரே பகா எண் இது. லூக்காஸ்–லேமர் ஓட்டுவது ஃபெர்மாவில் தேறியதற்கு மட்டும்தான். வேறு வேறு நிரல், வேறு வேறு சில்லில் ஓட்டினால் யாக்கோபியின் குறையும் தீர்ந்தது.

எண்வேலி:
செலவு விஷயத்தில் ஏற்கிறேன். முதல் சோதனைக்கு லூக்காஸ்–லேமர் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை.

மீதி127:
அதில் எனக்கும் மறுப்பில்லை. இதை "52ஆவது மெர்சென் பகா எண்" என்று மட்டும் எழுதாதீர்கள், அறியப்பட்டவற்றில் 52ஆவது. இடையிலுள்ள அடுக்குகளின் (p மதிப்புகளின்) மறுபரிசோதனை முடிந்தால்தான் வரிசை எண் நிலைக்கும்.