பஃப் கை நிமிராமல் தொங்குது, எங்கே தப்பு?

பஞ்சுமிட்டாய்:
1950-களின் படங்களில் வர்ற மாதிரி குட்டைப் பஃப் கை ரவிக்கை தைக்கிறேன். துணி டூ பை டூ (மெல்லிய ரவிக்கைத் துணி), உள்ளே காட்டன் லைனிங். கைக்குழி (ரவிக்கையில் கை பொருத்துற வளைவு) சுற்று 16 இன்ச், கை நீளம் 6, கை லூஸ் (கை அடிச் சுற்று) 11. வழக்கமான கை கட்டிங்கையே வைச்சு மடிப்புப் பக்கம் 2 இன்ச் தள்ளி வெட்டினேன். விரிச்சா 4 இன்ச் கூடுதல். லைனிங்கையும் அதே அளவில் வெட்டி, ரெண்டையும் சேர்த்துக் குழி முழுக்கச் சுருக்குப் பரப்பினேன். தோள்மேல பஃப் படுத்துடுது, அக்குள் பக்கம் மூட்டையா நிக்குது. சுருக்கு இழுக்கும்போது நூல் வேற ரெண்டு தடவை அறுந்துச்சு. பழைய கறுப்பு கால்மெஷின், தையல் நீளமா விழட்டும்னு 20-ல வைச்சேன். துணி மிச்சம் இல்லை.

நூல்கண்டு:
நூல் அறுந்ததுக்குக் காரணம் அந்த 20 தான். பல பழைய கறுப்பு மெஷினில் தகட்டில் இருக்கும் எண் ஒரு இன்ச்சுக்கு எத்தனை தையல் என்பது. எண் ஏற ஏறத் தையல் பொடியாகும். 6 அல்லது 7-க்கு இறக்குங்க. மேல்நூல் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்துங்க. தைக்கிற கோடு ஓரத்திலிருந்து அரை இன்ச்னா, சுருக்குக்கு முக்கால் அங்குலமெல்லாம் போகாம 3/8-ல ஒண்ணு, 5/8-ல ஒண்ணுன்னு ரெண்டு ஓட்டம் போடுங்க. முனையில் பின்தையல் கூடாது. ரெண்டு பாபின் நூலையும் (அடிநூல்) சேர்த்துப் பிடிச்சு, ரெண்டு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கித் தள்ளுங்க. ஒரே பக்கமா இழுத்தா அறுகத்தான் செய்யும். கை பொருத்தினதும் வெளியே தெரியற ஓட்டத்தை உருவிடலாம்.

கத்தரி:
பஃப் படுக்கிறது வேற விஷயம். நீங்க துணியை அகலமாக்கியிருக்கீங்க, உயரமாக்கலை. மடிப்பில் தள்ளி வெட்டினா சுருக்கு மட்டும் கிடைக்கும். பஃப் மேலே எழும்ப, கையோட மேல் வளைவு நடுவில் ஒன்றரை இன்ச் உயரணும். அங்கிருந்து ரெண்டு பக்கமும் இறங்கி, 3 இன்ச் தள்ளிப் பழைய வளைவோட சேரணும்.

சுருக்கும் அந்த 3 இன்ச்சுக்குள்ளதான் இருக்கணும். தோள் தையலிலிருந்து முன்னால 3, பின்னால 3 அளந்து குறி போடுங்க. குழியில் மிச்சம் 10 இன்ச்சும் சுருக்கே இல்லாம வெறுமையா ஒட்டணும். அக்குளில் மூட்டை வந்தது அங்கேயும் சுருக்கு வைச்சதாலதான். டூ பை டூ மெல்லிசு, 6 இன்ச் இடத்துக்கு 12 இன்ச் துணியாவது சுருங்கினாத்தான் நிறையும். உங்களுக்கு 10 தான் இருக்கு.

பஞ்சுமிட்டாய்:
வெட்டின கையை இனி எப்படி உயர்த்துறது அக்கா? கீழே ஒரு இன்ச் மடிச்சுத் தைச்சிருக்கேன், அவ்வளவுதான்.

கத்தரி:
ஒன்றரை கிடைக்காது, ஆனா அந்த ஒரு இன்ச்சை வைச்சுச் சமாளிக்கலாம். மேலே ஏத்த முடியாது, அதனால அக்குளை இறக்கணும். கீழ்மடிப்பைப் பிரிச்சு நீட்டிக்கோங்க. கையோட ரெண்டு அக்குள் முனையையும் ஒரு இன்ச் கீழே குறிச்சு, அங்கிருந்து நடு உச்சிக்குப் புது வளைவு வரைஞ்சு வெட்டுங்க. உச்சியைத் தொடாதீங்க. வளைவோட நீளமும் கூடும். அந்தக் கூடுதல் முழுசும் சுருக்குக்குப் போகும். கீழே மடிக்கத் துணி இருக்காது. 12 இன்ச் நீளம், 2 இன்ச் அகலத்தில் பட்டி வெட்டி, கையின் அடியைச் சுருக்கி அதில் சொருகுங்க. வேற நிறப் பட்டியும் அழகாத்தான் இருக்கும்.

இன்னொண்ணு, ஷோல்டரைப் பாருங்க. பஃப் கைக்குத் தோள் முனையை அரை இன்ச் உள்ளே எடுக்கணும். சாதாரண ரவிக்கை அளவிலேயே விட்டா, பஃப் தோளுக்கு வெளியே தொடங்கி அதோட எடையிலேயே விழுந்துடும்.

நூல்கண்டு:
லைனிங்கைப் பஃப்பா வெட்டினதும் தப்பு. அது சாதாரணக் கை அளவில், மேல்துணியைவிட முக்கால் இன்ச் குட்டையா இருக்கணும். அடியில் ரெண்டையும் ஒரே பட்டியில் சேர்த்தா, லைனிங் மேல்துணியைத் தொங்க விடாது. மேல்துணி குமிழ் மாதிரி நிக்கும். வெட்டியிருக்கிற லைனிங் பெரிசுதானே, குறைச்சுக்கலாம்.

மணிப்புறா:
உள்ளே தாங்கலுக்குக் கேன்வாஸ் (விறைப்பான உள்துணி) வைக்கலாமா?

கத்தரி:
வேண்டாம், முனை வெளியே தெரியும், வளையாது. ஆர்கன்சாவில் (மெல்லிசா விறைப்பா இருக்கும் துணி) 8 இன்ச் நீளம், 3 இன்ச் அகலத் துண்டை நீளவாக்கில் ரெண்டா மடிச்சு, பிரிந்த ஓரத்தை 5 இன்ச்சாச் சுருக்கி, உச்சியில் தையலுக்கு விட்ட துணியோட சேர்த்துத் தைங்க. மடிப்பு கைக்குள்ள பார்க்கணும். நெட்டும் நிக்கும், ஆனா குத்தும். லைனிங் துண்டால மூடணும். தையலைக் கைப்பக்கம் தள்ளி விடுங்க. பஃப் மேல இஸ்திரியை அழுத்தாதீங்க, துண்டை உருட்டி உள்ளே வைச்சுத் தேய்ங்க. துவைச்சதும் லேசாக் கஞ்சி போட்டா இன்னும் நல்லா நிக்கும்.

பஞ்சுமிட்டாய்:
வலது கை நிமிர்ந்துடுச்சு! அதே மாதிரி தைச்ச இடது கை மட்டும் முன்னால இழுக்குது.

நூல்கண்டு:
ரெண்டு கையையும் ஒரே பக்கம் பார்த்து வெட்டியிருப்பீங்க. முன்குழி பின்குழியைவிட அதிகம் தோண்டியிருக்கும். இடது கையில் அது பின்னால போயிருக்கு. டூ பை டூவில் துணியோட வெளிப்பக்கம் உள்பக்கம் வித்தியாசம் தெரியாது. அதனால புதுசா வெட்டத் தேவையில்லை: பிரிச்சு, துணியை உள்வெளியாத் திருப்பி மறுபடி பொருத்துங்க. அடுத்த தடவை முன்குழிப் பக்கம் ஒரு சின்ன வெட்டுக்குறி போட்டு வைங்க.