‘போகி’ பெட்டியா, பெட்டியின் அடியில் இருப்பதா? ‘சகடை’ என்ற சொல்லை முன்வைத்து

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மாதிரி ரயில் சரக்குப் பெட்டிகளுக்கான சொற்பட்டியலில் நாம் சில வாரங்களாக ‘போகி’ (bogie) என்ற ஒரே சொல்லில் நின்றுகொண்டிருக்கிறோம். இதை விட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம் என்று இருவர் எழுதியிருந்தீர்கள். போகக் கூடாது என்பதே என் கருத்து. அதற்கு என் கையால் நடந்த ஒரு தவறே காரணம். சென்ற ஆண்டு, நிலக்கரிப் பெட்டி ஒன்றை ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் தகட்டில் செய்வது எப்படி என்று கல்லூரி மாணவர் ஒருவருக்கு எழுதிக் கொடுத்தேன். அதில் ‘போகி அசையாதபடி அடித்தட்டோடு ஒட்டிவிடுங்கள்’ என்றொரு வரி இருந்தது. மேலே உள்ள பெட்டியின் உடலை மனத்தில் வைத்து நான் அதை எழுதினேன். அவரோ அடியில் இருக்கும் இரண்டு சக்கரத் தொகுதிகளையும் பசையிட்டு அசையாமல் ஒட்டிவிட்டார். முதல் வளைவிலேயே பெட்டி தண்டவாளத்தை விட்டு இறங்கியது. அவர் படித்தது சரி, நான் எழுதியதும் வழக்கில் உள்ள தமிழ்தான். ஒரே சொல் இரண்டு பொருளைச் சுமந்ததால் ஒரு மாத உழைப்பு வீணாயிற்று.

பேச்சில் ‘கடைசி போகியில் ஏறினேன்’, ‘மூன்று போகிகள் தடம் புரண்டன’ என்று முழுப் பெட்டியையே போகி என்கிறோம். அந்த வழக்கை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது மக்களிடம் வேரூன்றிய சொல், இருக்கட்டும். ஆனால் பொறியியலில் அந்தச் சொல்லுக்கு உரிய பொருள் வேறு. பெட்டியின் இரு முனைகளிலும் அடியில் அமைந்து, இரண்டோ மூன்றோ அச்சுகளைத் தாங்கி, வளைவில் பெட்டியோடு ஒட்டாமல் தானாகத் திரும்பிக்கொள்ளும் சட்டகமே அது. ரயில்வேயின் சரக்குப் பெட்டிக் குறியீடுகள் இந்தப் பொருளைத்தான் காக்கின்றன. பாக்ஸ்என் (BOXN), பிசிஎன் (BCN), பிடிபிஎன் (BTPN), பிஆர்என் (BRN) ஆகிய எல்லாப் பெயர்களிலும் முதலில் நிற்கும் ‘பி’ (B) என்ற ஆங்கில எழுத்து, அந்தப் பெட்டி இத்தகைய சட்டகங்களின் மீது ஓடுகிறது என்பதற்கான அடையாளம். பெட்டி முழுவதையும் போகி என்றால் அந்த எழுத்துக்குப் பொருளே இல்லாமல் போகும்.

இந்த வேறுபாட்டை நான் கண்ணால் அறிவதற்கு முன் காதால் அறிந்தேன். எங்கள் ஊர் சேலத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவில் மொரப்பூருக்கு அருகில் இருக்கிறது. நிலையத்தின் லூப் லைனில், அதாவது முதன்மைப் பாதையிலிருந்து பிரிந்து மறுபடி சேரும் பக்கப் பாதையில், அப்போது தண்டவாளங்களை இணைப்புத் தகடு வைத்துத்தான் பூட்டியிருந்தார்கள். மூட்டுக்கு மூட்டு இடைவெளி இருந்ததால் ஒவ்வொரு சக்கரமும் கடக்கும்போது தனித்தனியாக ஓசை எழும்பும். இரண்டே அச்சு கொண்ட பழைய நாலு சக்கர மூடிய பெட்டிகள் மெதுவாக உள்ளே வரும்போது டக்... டக்... டக்... என்று ஒற்றை ஒற்றையாக விழும். எண்பதுகளின் பிற்பகுதியில் மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி ஏற்றிய பாக்ஸ்என் வண்டிகள் வரத் தொடங்கியபோது அந்தத் தாளம் மாறியது: டக்டக் டக்டக், ஒரு நிறுத்தம், மறுபடியும் டக்டக் டக்டக். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு எது வருகிறது என்று பந்தயம் கட்டுவோம்.

அந்த நான்கு அடிகளும் ஒரே பெட்டியுடையவை என்றுதான் நான் பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். மாதிரி செய்வதற்காக அளவுகளைத் தாளில் போட்ட அன்றுதான் அது தவறு என்று தெரிந்தது. பாக்ஸ்என் பெட்டி இணைப்பு முனையிலிருந்து இணைப்பு முனை வரை 10,713 மி.மீ.; இரண்டு சட்டகங்களின் மையங்களுக்கு இடையே 6,524 மி.மீ.; ஒரு சட்டகத்தில் அச்சுக்கும் அச்சுக்கும் 2,000 மி.மீ. கழித்துப் பார்த்தால், ஒரு பெட்டியின் கடைசி அச்சுக்கும் அடுத்த பெட்டியின் முதல் அச்சுக்கும் 2,189 மி.மீ. மட்டுமே வருகிறது. ஒரே பெட்டிக்குள்ளேயே முன் சட்டகத்துக்கும் பின் சட்டகத்துக்கும் நடுவில் 4,524 மி.மீ. வெற்றிடம் இருக்கிறது. ஆகவே நாங்கள் கேட்ட நான்கு அடிகளில் முதல் இரண்டு முன்னே போகும் பெட்டியின் பின் சட்டகம், அடுத்த இரண்டு பின்னே வரும் பெட்டியின் முன் சட்டகம்; நிறுத்தம் என்று நாங்கள் நினைத்தது பெட்டியின் வயிற்றுப் பகுதி. எங்கள் காது எண்ணியது பெட்டிகளை அல்ல, இந்தச் சட்டகங்களைத்தான். தனக்கென்று ஓசை உள்ள ஒரு பொருளுக்குத் தனக்கென்று பெயர் இல்லாமல் இருப்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

இனி, இந்தச் சட்டகத்துக்குப் பெயராக நீங்கள் இதுவரை முன்மொழிந்த சொற்களைப் பார்ப்போம். ‘போகி’ என்றே வைத்துக்கொள்வது என்பதற்கு மேலே சொன்ன தடை போதும். தை பிறப்பதற்கு முந்தைய நாளும் அதே எழுத்தில் வருகிறது என்பதை வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். ‘சுழல்சட்டகம்’ தவறில்லாத சொல், ஆனால் முழுவதும் சுழலும் ஏதோ ஒன்றைக் காட்டுகிறது. நம் பொருள் சில பாகைகள் மட்டுமே திரும்புகிறது. யாழ்ப்பாணத்து நண்பர் தந்த ‘நாற்சில்லி’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சக்கரத்தைச் சில்லு என்று சொல்லும் ஈழத்து வழக்கு உயிருள்ளது, சொல்லும் நாவில் இனிமையாக உட்காருகிறது. ஆனால் நம் கனரக டீசல், மின் எஞ்சின்கள் பலவற்றின் அடியில் மும்மூன்று அச்சுகள் கொண்ட சட்டகங்கள் இருக்கின்றன. ஆறு சில்லு உள்ளதை நாற்சில்லி என்று அழைக்க முடியாது. அதற்கு அறுசில்லி என்று வேறு பெயர் வைத்தால் இரண்டுக்கும் பொதுவான பெயர் மறுபடியும் இல்லாமல் போகிறது.

பணிமனையில் வழங்கும் ‘டிராலி’யையே எடுத்துக்கொள்ளலாம் என்ற கருத்தை நான் எளிதாகத் தள்ளவில்லை. சரக்குப் பெட்டி பழுதுபார்க்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா இன்றும் ‘டிராலியைக் கழற்றி’, ‘டிராலியை ஏற்றி’ என்றுதான் பேசுவார். உழைக்கிறவர்களின் வாயில் இருக்கும் சொல்லுக்கு அகராதிச் சொல்லைவிட மதிப்பு அதிகம் என்பது என் கொள்கை. இருப்பினும் அதே ரயில்வேயில், தண்டவாளத்தைப் பார்வையிடப் பொறியாளரை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் வண்டிக்கும் டிராலி என்றே பெயர். ஒரு குழப்பத்திலிருந்து தப்பி இன்னொன்றில் விழுவதாகவே அது முடியும்.

நான் முன்வைக்கும் சொல் ‘சகடை’. இது நான் படைத்ததன்று. கோயிலில் சுவாமி வாகனங்களை ஏற்றி இழுப்பதற்காக வைத்திருக்கும் தாழ்வான சக்கரத் தளத்தைச் சகடை என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். திருவிழாக் காலத்தில் அதைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். ஒரு நாள் ரிஷபம், ஒரு நாள் யானை, இன்னொரு நாள் குதிரை என்று மேலே ஏறும் வாகனம் மாறிக்கொண்டே இருக்கும். அடியில் உள்ள சகடை அதேதான். வாகனம் தனி, சகடை தனி. விழா முடிந்ததும் வாகனங்கள் மண்டபத்துக்குப் போகும், சகடை அடுத்த விழாவுக்காக ஒரு மூலையில் நிற்கும்.

நம் சரக்குப் பெட்டியின் அமைப்பும் இதுவேதான். நிலக்கரி ஏற்றும் திறந்த பாக்ஸ்என், சிமென்டும் நெல்லும் ஏற்றும் மூடிய பிசிஎன், பெட்ரோலியம் கொண்டுசெல்லும் பிடிபிஎன் தொட்டி, இரும்புச் சட்டங்கள் அடுக்கும் தட்டையான பிஆர்என் என்று மேலே உருவம் எத்தனை விதமாக மாறினாலும், அடியில் நிற்பது கேஸ்நப் என்ற ஒரே குடும்பத்து வார்ப்பெஃகுச் சட்டகம்: இரண்டு பக்கச் சட்டங்கள், நடுவில் ஒரு குறுக்குத் தாங்கி, இடையில் சுருள்வில்கள். ஒரு பாக்ஸ்என் பெட்டியின் தொடக்கக்கால அளவுகளை எடுத்துக்கொண்டால், தன் எடை 22.47 டன், சுமை 58.81 டன், ஆகமொத்தம் 81.28 டன், இதை நான்கு அச்சுகளும் அச்சுக்கு 20.32 டன்னாகப் பகிர்ந்துகொள்கின்றன. ஏற்றுவது மாறும், தாங்குவது மாறாது என்ற உறவு அந்தக் கோயில் சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. ‘சுழல்சட்டகம்’ என்பதிலோ ‘நாற்சில்லி’யிலோ அது இல்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும் என்று எதிர்பார்க்கிறேன். சில ஊர்களில் கிணற்று உருளையையும் சகடை என்கிறார்கள் என்பது முதலாவது. உண்மைதான். ஆனால் கிணற்றடியில் நின்று பேசுபவரும் தண்டவாளத்தருகே நின்று பேசுபவரும் ஒரே வாக்கியத்தில் குழம்புவதற்கு வாய்ப்பில்லை. பெட்டிக்கும் அதன் அடியில் உள்ளதற்கும் ஒரே பெயர் இருப்பதால் நேர்கிற குழப்பமோ ஒரே வாக்கியத்துக்குள் நேர்வது. இரண்டாவது மறுப்பு, சகடையோடு உறவுடைய ‘சகடம்’ என்ற சொல் வடசொல்லோடு தொடர்புடையது என்பது. உப்பு ஏற்றிச் செல்லும் உமணர், மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நேருமோ என்று அஞ்சி வண்டியின் கீழ்மரத்தில் மாற்றாக உதவும் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவதைப் புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஒளவையார் பாடுகிறார். அங்கே பாரம் நிறைந்த அந்த வண்டிக்குச் சகடம் என்பதே பெயர். சரக்கு வண்டி, மிகுந்த சுமை, அச்சு முறியும் அச்சம் ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் ஒரு பாட்டில் புழங்கிய சொல்லை, சரக்கு வண்டிக்கே அந்நியம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு கலைச்சொல்லைத் தனியாக வைத்து எடை போட முடியாது. அதிலிருந்து பிற சொற்கள் கிளைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஈரச்சுச் சகடை, மூவச்சுச் சகடை என்பன இயல்பாக வருகின்றன. சகடைப் பெட்டி என்றால் நாலு சக்கரப் பெட்டியிலிருந்து வேறுபட்டது என்பது உடனே விளங்குகிறது. எஞ்சினில் மோட்டார் பொருத்தியதை இயக்கு சகடை எனலாம். சகடை மையத் தொலைவு (இரு சகடைகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம்), சகடை அச்சிடை (ஒரு சகடையில் அச்சுக்கும் அச்சுக்கும் உள்ள தூரம்) ஆகிய இரண்டும் மாதிரி செய்பவர்களுக்கு நாள்தோறும் வேண்டியவை. உண்மையில் 87-இல் ஒரு பங்கான 1:87 அளவில் பாக்ஸ்என் பெட்டியின் நீளம் 123 மி.மீ., சகடை மையத் தொலைவு 75 மி.மீ., சகடை அச்சிடை 23 மி.மீ., சக்கர விட்டம் 11.5 மி.மீ. கடையில் கிடைக்கும் அமெரிக்கச் சகடைகளின் அச்சிடை ஏறத்தாழ 20 மி.மீ. மட்டுமே என்பதால், அவற்றை அப்படியே மாட்டினால் பெட்டி கால் குறுகியதுபோலத் தெரியும். பெட்டியைத் தாளில் வரைந்து பார்த்தவர்களுக்கு அந்த மூன்று மில்லிமீட்டர் உறுத்திக்கொண்டே இருக்கும்.

அந்த மாணவருக்கு எழுதிய குறிப்பையும் புதிய சொல்லால் திருத்தி எழுதிப் பார்த்தேன். ‘பெட்டியின் உடலை அடித்தட்டோடு ஒட்டுங்கள். சகடைகளை ஒட்டக் கூடாது. திருகால் மட்டும் பூட்டுங்கள். ஒரு சகடையின் திருகை, அது இடமும் வலமும் திரும்பும், ஆனால் பக்கவாட்டில் ஆடாது என்னும் அளவுக்கு இறுக்குங்கள். மற்றதன் திருகை, திரும்பவும் ஆடவும் இடம் கொடுத்துச் சற்றே தளர்த்தி விடுங்கள். அப்போது பெட்டி முக்காலிபோல மூன்று இடங்களில் ஊன்றி நிற்கும். பாதை சற்று ஏறி இறங்கினாலும் எட்டுச் சக்கரமும் தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்.’ எடைக்கு, அமெரிக்க மாதிரி ரயில் சங்கத்தின் பரிந்துரையைச் சேர்த்தேன்: இந்த அளவு மாதிரிகளுக்கு அடிப்படையாக ஓர் அவுன்ஸ், அதன்மேல் நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். நம் பெட்டிக்கு அது சுமார் 97 கிராம் வரும். மாணவர் பசையைச் சுரண்டி எடுத்து, புதிய சகடைகளைத் திருகால் பூட்டியிருக்கிறார். பெட்டி இப்போது வளைவில் ஓடுகிறது.

வரைபடத்தில் ‘சகடை’ என்று எழுதி அம்புக்குறி போட்டுப் பெரியப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். சொல் நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. குறுக்குத் தாங்கியின் நடுவில், பெட்டியின் எடை வந்து உட்காரும் கிண்ணம் போன்ற பகுதியில் விரலை வைத்து, “சரிப்பா, இதுக்கு என்ன பேரு? எல்லாம் இதுமேலதானே திரும்புது” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஊருக்குத் திரும்பும் வழியில்தான், கீல் இல்லாத பழைய மரக்கதவு மேலும் கீழும் குடுமியில் நின்று குழியில் திரும்புவது நினைவுக்கு வந்தது. பெட்டியின் அடியிலிருந்து இறங்கும் முளையைக் ‘குடுமி’ என்றும், சகடையில் அதை ஏற்கும் கிண்ணத்தைக் ‘குடுமிக்குழி’ என்றும் சொல்லலாமா? சகடைக்கு உங்கள் ஒப்புதலோ மறுப்போ எழுதும்போது இதையும் சேர்த்து எழுதுங்கள். தச்சு வேலை தெரிந்தவர்கள் நம்மிடையே இருந்தால், வார இறுதிக்குள் அவர்கள் கருத்தை முதலில் கேட்க விரும்புகிறேன். வரைபடத்தில் அந்த ஒரு அம்புக்குறியை மட்டும் இப்போதைக்கு வெறுமையாக விட்டிருக்கிறேன்.